நீர் ஒட்டாத ஸ்பிரே வாங்கினால் துரு நிற்குமா?

கேள்வி: நாகப்பட்டினத்தில் கடற்கரையை ஒட்டிக் குடியிருக்கிறோம். மண்வெட்டி, அரிவாள், ஜன்னல் கம்பி எல்லாம் சீக்கிரமே துருவேறிவிடுகின்றன. கடையில் ‘நானோ பூச்சு’ என்று ஒரு ஸ்பிரேயைக் காட்டி, இதை அடித்தால் தாமரை இலையைப் போல நீர் ஒட்டாது, துருவும் வராது என்கிறார்கள். வாங்கலாமா? சுற்றுச்சூழலைக் கெடுக்காத எளிய வழி ஏதேனும் உண்டா?

பதில்: நீர் ஒட்டாமல் இருப்பதும் துருப்பிடிக்காமல் இருப்பதும் ஒன்றல்ல. தாமரை இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின் மேல் மெழுகும் இருப்பதால்தான் நீர்த்துளி உருண்டோடுகிறது. உலோகத்திலும் அத்தகைய நுண்மேடுகளை உண்டாக்கி, ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலத்தைப் படியவைத்து, நீரை விலக்கும் பரப்பை ஆய்வகங்களில் உருவாக்குகிறார்கள். ஆனால் அந்த மேடுகள் உராய்ந்தால் தேய்ந்துவிடும். மண்ணைக் கொத்தும் மண்வெட்டியில் அவை எத்தனை நாள் தாங்கும்? தவிரவும், கடலோரக் காற்றில் கலந்துள்ள உப்பு இரும்பின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், துளியாக விழும் நீரைத் தடுத்தால் மட்டும் போதாது.

டப்பாவை வாங்கும் முன் அதன் உட்பொருள் விவரத்தைப் படியுங்கள். ‘ஃபுளோரோ’ என்று தொடங்கும் அல்லது அச்சொல் இடையில் வரும் பெயர் இருந்தால் தவிர்த்துவிடுவதே நல்லது. நீர் விலக்கும் பூச்சுகளில் பயன்பட்டுவந்த ஃபுளோரின் சேர்மங்களில் பல மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாதவை. அவற்றுள் ஒன்றான பெர்ஃபுளோரோ ஆக்டனாயிக் அமிலம் 2019-இல், எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. டப்பாவில் உள்ள ‘சி-8 இல்லை’ என்ற வாசகம், எட்டு கார்பன் அணுக்கள் கொண்ட இத்தகைய சேர்மங்கள் இல்லை என்பதையே குறிக்கும்; ஃபுளோரினே இல்லை என்று பொருள்படாது. இத்தகைய ஸ்பிரேயின் நுண்துளிகளைச் சுவாசித்தால் நுரையீரல் பாதிக்கப்படலாம் என்பதால், மூடிய அறையில் அடிக்கவே கூடாது.

மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் போதும். நான்கு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்குங்கள். நேரடித் தீயில் வேண்டாம். துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, கழுவி, நன்றாக உலர்த்தி, வெயிலில் சூடேறிய தகட்டின் மேல் இந்தக் கலவையைத் துணியால் மெல்லியதாகத் தடவி, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். பிசுபிசுப்பு நீங்கச் சில நாட்களாவது ஆகும். அதன்பின் ஒரு சொட்டு நீர் விட்டால் அது பரவாமல் முத்தாக நிற்கும். பரவத் தொடங்கும்போது மீண்டும் பூச வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து படலமாக இறுகும். தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது, பிசுக்காகவே நின்று தூசியைப் பிடிக்கும்.

ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெளியில் காயவிடுங்கள், அல்லது நீரில் முக்கி வையுங்கள். உலோக உப்புகள் சேர்த்து விற்கப்படும் ‘பாயில்டு’ வகையை அரிவாள்மனையில் தடவாதீர்கள். அதற்குக் கழுவித் துடைத்தபின் கொஞ்சம் நல்லெண்ணெய் போதும்.

ஜன்னல் கம்பிக்கு எண்ணெயும் ஸ்பிரேயும் உதவா. துருவைச் சுரண்டி, படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் துருத்தடுப்பு பிரைமரும் அதன்மேல் பெயின்ட்டும் அடிப்பதே சரி. ஸ்பிரேயை ஏற்கெனவே வாங்கி, ‘துருவே வராது’ என்று டப்பாவில் அச்சிட்டிருந்தும் துரு வந்திருந்தால், ரசீதையும் டப்பாவையும் பத்திரமாக வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.