பாதி பாகங்கள் மாறிய பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை ‘அதே கார்’ என்று சொல்லலாமா?

கேள்வி: நான் லெஸ்டரில் இருக்கிறேன். 1960களின் எம்.ஜி.பி. ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இன்ஜின் மாற்றியிருக்கிறார்கள், பாடியில் பல இடங்களில் புதுத் தகடு. இதைப் பழைய கார் என்றே சொல்லலாமா? முன்பு யார் யார் வைத்திருந்தார்கள் என்ற பேப்பர்களுக்காகத் தனியாக விலை கேட்கிறார் விற்பவர். கொடுக்கலாமா?

பதில்:

கொடுக்கலாம். நானாக இருந்தால் இன்ஜினுக்குக் கொடுப்பதைவிட அந்தப் பேப்பர்களுக்கு மனமுவந்து கொடுப்பேன். ஏன் என்பதற்கு, இந்த நாட்டு நீதிமன்றத்திலேயே நடந்த ஒரு வழக்கை முதலில் சொல்லிவிட்டு என் வண்டிக்கு வருகிறேன்.

பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் வகையில் ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர் பெற்ற கார் ஒன்று உண்டு. ஆறரை லிட்டர் இன்ஜின். 1929ல் பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பர்கினும் ஓட்டி ஜெயித்த வண்டி. அடுத்த வருடம் அதே வண்டியில் பர்னாட்டோவுடன் கிளென் கிட்ஸ்டன், மறுபடி முதலிடம். பர்னாட்டோவின் அப்பா கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் பெரும் பணம் சேர்த்தவர். அந்தப் பணத்தை வைத்துத்தான் மகன் பென்ட்லி கம்பெனியையே தாங்கிப் பிடித்தார். லெ மானில் 3 முறை கலந்துகொண்டு 3 முறையும் வென்றவர். 1931ல் கம்பெனி நொடித்து ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போய்விட்டது. கார் நிற்கவில்லை. அந்த வருடமே இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பாதையில் நடந்த 500 மைல் பந்தயத்தில் ஜாக் டன்ஃபீயும் சிரில் பாலும் அதை ஓட்டி ஜெயித்தார்கள். 1932ல் 8 லிட்டர் இன்ஜினை ஏற்றி அதே பந்தயத்துக்குத் திரும்பக் கொண்டுபோனார்கள். ஜாக்கின் சகோதரர் கிளைவ் ஓட்டிக்கொண்டிருந்தபோது வளைவின் உயரமான விளிம்பைத் தாண்டி வண்டி வெளியே பாய்ந்தது. கிளைவ் அங்கேயே இறந்துபோனார். பிறகு பர்னாட்டோ அதைத் திரும்பக் கட்டி, கூரை வைத்த கூபே பாடி போட்டுச் சாலை வண்டியாக்கினார்.

பல கை மாறி, பல வேலைகள் பார்க்கப்பட்டு, 1990ல் அந்த வண்டிக்கு 1 கோடி பவுண்டு விலை பேசினார்கள். பேசி முடித்தபின் வாங்குகிறவர்களுக்குச் சந்தேகம் வந்தது. இது உண்மையிலேயே லெ மானில் ஓடிய கார்தானா? பணம் தர மறுத்தார்கள். விற்றவர் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி ஓட்டன் முன்னால் பாகம் பாகமாக விசாரணை நடந்தது. முடிவில் அவர் கண்டது இதுதான்: 1929ல் ஓடிய வண்டியின் பாகங்கள் அனேகமாக எதுவுமே மிச்சமில்லை. 1930ல் ஓடியதிலிருந்து பெடல் தண்டு, கியர் பாக்ஸ் கூடு, ஸ்டீயரிங் தண்டு என்ற அளவுக்குத்தான் ஏதோ தங்கியிருக்கலாம். 1932ன் சேசிஸும் (அடிச்சட்டம்) 8 லிட்டர் இன்ஜினும் பெருமளவு இருக்கின்றன.

இவ்வளவையும் பட்டியல் போட்டுவிட்டு அவர் விற்றவர் பக்கம்தான் தீர்ப்பு சொன்னார். ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை அந்தக் காருக்கு ஏற்க முடியாது என்றார். ஆனால் அது உண்மையான ஓல்டு நம்பர் ஒன்தான் என்றார். எந்தக் கட்டத்திலும் அந்தக் கார் இல்லாமல் போய், பிறகு யாரோ புதிதாக உண்டாக்கியது அல்ல. ஒவ்வொரு மாற்றமும் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் நடந்த மாற்றம். அந்தப் பெயருக்கு உரிமை கோர உலகத்தில் வேறு ஒரு வண்டியும் இல்லை.

எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடிக்கும். ‘ஒரிஜினல்’ வேறு, ‘உண்மையானது’ வேறு என்று பிரித்துக் காட்டியது அது. நம் ஊரில் கோயில் தேருக்குச் சக்கரம் மாற்றினால் வேறு தேர் வந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே, அந்த மாதிரிதான்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஜாகுவாரிடம் இருக்கிறது. 1963ல் எடை குறைந்த ஈ-டைப் பந்தயக் கார்கள் 18 செய்யத் திட்டமிட்டு எண்களை ஒதுக்கினார்கள். 12 மட்டும்தான் செய்தார்கள். மிச்சமிருந்த 6 எண்களுக்கும் கார் செய்யப்போகிறோம் என்று 2014ல் ஜாகுவாரே அறிவித்தது. அப்படியே செய்தும் விட்டார்கள். அதே கம்பெனி, அதே அலுமினிய பாடி, அன்று ஒதுக்கிய அதே எண்கள். அருமையான வேலை. ஆனாலும் அந்த 6 கார்களை யாரும் 1963 கார் என்று சொல்வதில்லை. பழைய 12ல் ஒன்று 1964ல் பாரிஸுக்குப் பக்கத்தில் மோன்லெரி பாதையில் பீட்டர் லிண்ட்னர் என்ற ஜெர்மன் ஓட்டுநர் உயிரிழந்த விபத்தில் நொறுங்கியது. பின்னாளில் அதைப் புதுப்பித்தவர்கள் கசங்கிய அந்தப் பழைய அலுமினியத்தைத் தூக்கிப் போடாமல், தட்டி நிமிர்த்தி, முடிந்தவரை அதையே திரும்பப் பயன்படுத்தினார்கள். ஏறக்குறைய 7,000 மணி நேர உழைப்பு.

சரி, என் வண்டி. 1966ல் செய்த எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், அதாவது கூரையை மடக்கக்கூடிய வகை. அபூர்வமான கார் இல்லை. அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை, நிலையான கூரை வைத்த ஜிடி வகையையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அப்படியிருக்க, இந்த ஒரு வண்டி எது என்று சொல்ல அதன் பேப்பரை விட்டால் வேறு வழியே இல்லை. பென்ட்லிக்கு லெ மான் சாட்சி சொல்லும். நம் வண்டிக்கு ஒரு லாக் புக்கும் (பழைய பதிவுப் புத்தகம்) நாலு பில்லும்தான் சாட்சி.

நான் வாங்கியபோது அது சிவப்பாக இருந்தது. வார்விக்ஷயரில் கேடன் என்ற இடத்தில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கிறது. அபிங்டனின் பழைய உற்பத்திப் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால் வண்டி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியபோது எப்படி இருந்தது என்று சொல்லும் ஹெரிடேஜ் சான்றிதழ் அனுப்புவார்கள். எனக்கு வந்த தாளில் நிறம் ஓல்டு இங்கிலீஷ் ஒயிட் என்று இருந்தது. ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலை வேகத்தில் இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்), ஸ்போக்ஸ் வீல் இரண்டும் தொழிற்சாலையிலேயே பொருத்தியவை. அன்று ராத்திரியே டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். ஹீட்டருக்குப் பின்னால், சிவப்புப் பெயிண்ட் எட்டாத மூலையில், உள்ளங்கை அளவுக்கு வெள்ளை. அந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இன்ஜின் எண் மட்டும் சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை. எனக்கு விற்றவர் கொடுத்த உறையில் பழைய பில் ஒன்று இருந்தது. 1970களில் அந்த இன்ஜினைக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையில் புதுப்பித்த ‘கோல்டு சீல்’ இன்ஜினை மாற்றி வாங்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் டீலரிடம் சாதாரணமாக நடந்த விஷயம் இது. பில் இல்லாவிட்டால் ‘எண் ஒத்துப்போகாத இன்ஜின்’ என்று சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய ஒன்று, பில் இருந்ததால் வண்டியின் வாழ்க்கையில் ஒரு சம்பவம் ஆகிவிட்டது. உங்கள் வண்டிக்கும் முதலில் இதைத்தான் கேளுங்கள்: எப்போது மாற்றினார்கள், யார் மாற்றினார்கள், தாள் இருக்கிறதா?

அப்புறம் லாக் புக். 1974க்கு முன்னால் வண்டிப் பதிவெல்லாம் கவுன்சில் கையில் இருந்தது. ஒரு சின்னப் புத்தகம். கை மாறும்போது புது ஆளின் பெயரும் முகவரியும் எழுதி முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரைகளின் தேதியை வரிசையாகப் பார்த்தாலே வண்டி எங்கே, யாரிடம், எவ்வளவு காலம் இருந்தது என்று தெரிந்துவிடும். பிறகு எல்லாம் ஸ்வான்சீயில் உள்ள மத்திய அலுவலகத்துக்குப் போனது. இப்போதைய வி5சி என்ற பதிவுத் தாளில் முன்பு எத்தனை கீப்பர்கள் (வண்டியை வைத்திருந்தவர்கள்) என்ற எண் இருக்கும், முழுப் பெயர்ப் பட்டியல் இருக்காது. அது உரிமைக்குச் சான்று இல்லை என்றும் அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே பழைய லாக் புக் ஒன்று வண்டியோடு வருகிறது என்றால் அதற்கு ஈடே கிடையாது. அதோடு பழைய எம்ஓடி (வருடாந்திர வண்டிச் சோதனை) தாள்களையும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் அன்றைய மைல் கணக்கு இருக்கும். இணையத்தில் 2005க்கு முந்தைய எம்ஓடி விவரம் கிடைக்காது.

என் லாக் புக்கில் 4 பெயர்கள். முதலாமவர் ஒரு பள்ளி ஆசிரியர், 3 வருடம் வைத்திருந்தார். இரண்டாமவர் சில மாதங்கள்தான். மூன்றாமவர் ஒரு நர்ஸ்; அவரிடம் கொஞ்ச காலம். கடைசிப் பெயருக்கு உரியவர் 19 வருடம் வைத்திருந்தார், கோல்டு சீல் இன்ஜின் அவர் காலத்து வேலை. அவருடைய பில்களில் எண்ணெய் மாற்றியதுகூடக் கையெழுத்தில் குறித்திருக்கும்.

அவருக்குப் பின் வந்த ஒருவர் வண்டியை ஒரு பட்டறையில் கொடுத்து ‘ரெஸ்டோர்’ செய்திருக்கிறார். என்னைக் கஷ்டப்படுத்தியது அந்த வேலைதான். எம்.ஜி.பி.க்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டி வடிவத் தகடுதான் வண்டியின் முதுகெலும்பு. அந்தப் பட்டறைக்காரர்கள் துருப்பிடித்த சில்லை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகடு ஒட்டி, பட்டி பார்த்து, சிவப்பு அடித்துவிட்டார்கள். காந்தம் வைத்துப் பார்த்தபோது பல இடங்களில் ஒட்டவே இல்லை. ஜாக்கி போட்டுத் தூக்கினால் கதவு மூடாது. நீங்களும் போகும்போது ஒரு சின்ன காந்தமும், மெல்லிய துணியும் கொண்டுபோங்கள். துணியைச் சுற்றி வைத்துப் பார்த்தால் பெயிண்ட் கீறாது. ஜாக்கி போட்டபின் கதவைத் திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள்.

எனக்கு இரண்டு வழி இருந்தது. 1988லிருந்து பழைய அச்சுகளை வைத்தே எம்.ஜி.பி.க்குப் புது பாடி செய்து விற்கிறார்கள். அதை வாங்கி எல்லாவற்றையும் மாற்றிப் பொருத்தினால் துரு என்ற பேச்சே இல்லை. பலர் செய்கிறார்கள், அதில் தப்பும் இல்லை. பழைய அமைப்பிலேயே இருக்கும் புது பாடி என்றால் பதிவெண்ணும் பறிபோகாது. நான் அதைச் செய்யவில்லை. கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைத்து, பாடி தொய்யாமல் பிடித்துக்கொண்டு, சில்களை ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் என்று மாற்றினோம். 2 வருடம் ஆனது. செலவும் அதிகம்தான். ஆனால் முன் தடுப்புத் தகடு, டேஷ்போர்டு, தரையின் நடுப்பகுதி எல்லாம் 1966ல் அபிங்டனை விட்டுக் கிளம்பியவை. டேஷ்போர்டின் இடது ஓரத்தில் இரண்டு சின்னத் துளைகள் இருந்தன. அடைத்துவிடலாமா என்று வெல்டர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

19 வருடம் வைத்திருந்தவர் இன்று இல்லை. அவர் மகள் அவர் வாழ்ந்த கிராமத்திலேயே இருக்கிறார். பில்லில் இருந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு புகைப்படம் வந்தது: வெள்ளை வண்டி, கூரை மடக்கியிருக்கிறது, பின்னால் கடல். டேஷ்போர்டின் இடது ஓரத்தில் பயணிகளைக் காக்கும் புனித கிறிஸ்டோபரின் வட்டப் பதக்கம், இரண்டு திருகு போட்டு.

வண்டி இப்போது மறுபடி வெள்ளை. உங்கள் வண்டியின் சேசிஸ் பிளேட்டில் ஜி.எச்.என். என்று தொடங்கும் எண்ணின் நடுவே எல் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடது ஸ்டீயரிங்கோடு வெளிநாட்டுக்குப் போய், பிறகு திரும்பி வந்து மாற்றப்பட்ட வண்டி. அதுவும் நல்ல வண்டியாக இருக்கலாம், ஆனால் அப்போது உங்களுக்குத் தேவைப்படும் பேப்பர்கள் வேறு: இறக்குமதித் தாள், அந்த ஊர்ப் பதிவு, ஸ்டீயரிங் மாற்றிய பட்டறையின் பில். அவற்றையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.