வீட்டை இப்போதே பிள்ளை பெயருக்கு மாற்றலாமா? பினாங்கு அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

பினாங்கில் லோயர் அலுவலகத்தில் கிராண்ட், அதாவது வீட்டு உரிமைப் பத்திரம், மாற்றும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். லோயர் இல்லை, குமாஸ்தா. என் பதில்கள் மேற்கு மலேசியாவில், இஸ்லாமியர் அல்லாத குடும்பங்களுக்கு. கையெழுத்து என்று வந்தால் உங்களுக்கென்று ஒரு லோயரைப் பாருங்கள்; மகன் கூட்டிவரும் லோயர் வேண்டாம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

ஜெலுத்தோங்: எனக்கு 67 வயது. அடுக்குமாடி வீடு ஒன்றுதான் சொத்து. மகன் தங்கமானவன். இப்போதே மாற்றினால் வரி மிச்சம் என்கிறார்கள். மாற்றலாமா அக்கா?

மகன் தங்கம் என்றே வைத்துக்கொள்வோம். பெயர் மாற்றும் 14ஏ பாரம் நில அலுவலகத்தில் பதிவானதும் வீடு அவனுடையது. அதன் பிறகு அவன் கெட்டவனாக மாறாமலே அந்த வீடு போக வழிகள் இருக்கின்றன. தொழிலுக்காக அடமானம் வைத்துக் கட்ட முடியாமல் போனால் பேங்க் ஏலம் விடும். ஒரு லட்சம் ரிங்கிட் கடன் ஏறினால் திவால் வழக்குப் போடலாம். அப்போது அவன் பெயரில் உள்ள வீடு கடன்காரர்களுக்குத்தான். விவாகரத்து வழக்கில் அந்த வீடும் பேச்சுக்கு வரும்.

இன்னொன்றை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. உங்களுக்கு முன்னால் மகன் போய்விட்டால்? உயில் எழுதாமல் இறந்தவருக்கு மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லோரும் இருந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். அதாவது, நீங்கள் தவணை கட்டி வாங்கிய வீட்டில் உங்களுக்கு வந்து சேர்வது கால் பங்கு. வீட்டை விற்று என் பங்கைக் கொடுங்கள் என்று மருமகள் கேட்டால், அது அவளுடைய உரிமை. இதில் யார்மேல் குற்றம் சொல்வீர்கள்?

வரி மிச்சம் என்றவரிடம் எந்த வரி என்று கேளுங்கள். இறந்தவர் சொத்துக்குப் போட்ட வரியை இந்த நாட்டில் 1991இலேயே எடுத்துவிட்டார்கள். உயில் எழுதுங்கள். மனசு மாறினால் நாளைக்கே வேறு எழுதலாம். கிராண்டைத் திரும்ப மாற்ற வேண்டுமென்றால் மகன் கையெழுத்துப் போட வேண்டும்.

பிறை: ஐந்து லட்சம் ரிங்கிட் வீட்டை மகளுக்குக் கொடுத்தால் ஸ்டாம்ப் டூட்டி எவ்வளவு?

ஒன்றுமில்லை. 1.4.2023 முதல் பெற்றோர் பிள்ளைக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் சொத்தில் முதல் பத்து லட்சத்துக்கு முழு விலக்கு, அதற்கு மேல் உள்ளதுக்குப் பாதி. வாங்கும் பிள்ளை மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். லோயர் கட்டணம் தனி.

புக்கிட் மெர்தாஜாம்: வீடு இன்னும் காலமான கணவர் பெயரில் இருக்கிறது. உயில் இல்லை. மாமனார் மாமியார் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். ஒரு மகன், இரண்டு மகள்கள். "தங்கச்சிங்க சைன் போட்டா போதும்மா, என் பேருக்கு மாத்திடலாம்" என்கிறான்.

அம்மா, முதலில் இது தெரிந்துகொள்ளுங்கள். அந்த வீடு முழுதாக உங்களுடையது இல்லை, மகனுடையதும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு உங்களுக்கு, மீதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. கட்டிக்கொடுத்த மகளுக்கும் அதே பங்குதான். மகள்கள் மனசாரக் கையெழுத்துப் போட்டால் போடட்டும், அது அவர்கள் இஷ்டம். நீங்கள் மட்டும் உங்கள் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு அதே வீட்டில் விருந்தாளியாக உட்காராதீர்கள்.

பாயான் பாரு: பிள்ளை கவனிக்காவிட்டால் கொடுத்த சொத்தைத் திரும்ப வாங்கலாம் என்று யூடியூபில் ஒருவர் சொன்னாரே?

அவர் பேசியது இந்தியாவின் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம், 23ஆம் பிரிவு. கவனித்துக்கொள்வதாக நிபந்தனை போட்டு வாங்கிய பிள்ளை கவனிக்காவிட்டால் அந்த மாற்றத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். நல்ல சட்டம். ஆனால் பாயான் பாரு வீட்டுக்கு அது செல்லாது. இங்கே மிரட்டியோ ஏமாற்றியோ எழுதி வாங்கினான் என்று நீங்கள் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அதற்குள் நல்லெண்ணத்தோடு ஒருவர் காசு கொடுத்து வாங்கியிருந்தால் அவரைச் சட்டம் காப்பாற்றும்.

பட்டர்வொர்த்: எல்லாரும் மகனைத் திருடன் மாதிரியே பேசுகிறீர்கள். எனக்கு 38, இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. அப்பாவுக்கு மூன்று வீடு. எனக்கு அறுபது வயது ஆன பிறகு கிடைத்து என்ன பிரயோஜனம்?

நிபோங் தெபால்: அண்ணே, எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது மகள் நான், வீடு அண்ணனுக்கு. கேட்டால் உனக்குத்தான் கல்யாணம் பண்ணி நகை போட்டோமே என்கிறார்கள்.

பட்டர்வொர்த்: நகை சொத்து இல்லையா? என் தங்கைக்குப் போட்டதை இன்றைய தங்க விலைக்குக் கணக்குப் போடுங்கள்.

நிபோங் தெபால்: என் நகை அடகுக்கடையில் இருக்கிறது அண்ணே, அம்மா ஆப்பரேஷனுக்காக. உங்கள் தங்கையிடமும் கேட்டுப் பாருங்கள்.

சரி, இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். பட்டர்வொர்த் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. குடியிருக்கும் வீடு தவிர வேறு இரண்டு இருக்கும்போது, பிள்ளைக்குத் தேவைப்படும் வயதில் ஒன்றைக் கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன். வீட்டுக்கு முன்பணமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் தங்கைக்கும் அன்றே சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும்.

நிபோங் தெபால் தங்கச்சி, உனக்குச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. அம்மா உயில் இல்லாமல் போனால் உனக்கும் அண்ணனுக்கும் சம பங்கு. எல்லாம் அண்ணனுக்கே என்று உயில் எழுதிவிட்டால், 1971ஆம் ஆண்டுக் குடும்பப் பராமரிப்புச் சட்டத்தைப் பிடித்துக் கேட்கலாமா என்றால், அது கல்யாணமே ஆகாத மகளுக்கும் உடலோ மனமோ முடியாத மகளுக்கும்தான். உனக்கு அந்த வழி இல்லை. நகை அடகுச் சீட்டோடு அம்மாவிடமே பேசு, அண்ணன் இல்லாத நேரத்தில். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆயர் ஈத்தாம்: ஆறு லட்சம் வீட்டுக்கு ஸ்டாம்ப் டூட்டி எவ்வளவு அக்கா?

மேலே பிறைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜார்ஜ் டவுன்: நாங்கள் இந்திய முஸ்லிம்கள். ஹிபா, அதாவது இஸ்லாமிய முறைப்படி உயிரோடு இருக்கும்போதே அன்பளிப்பாகக் கொடுப்பது, நல்லதா?

என் துறை இல்லை ஐயா. ஷரியா லோயரிடம் கேளுங்கள்.

செபராங் ஜெயா: கடன்காரர்கள் நெருக்குகிறார்கள். வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டால்?

மாற்றிய இரண்டு வருடத்துக்குள் நீங்கள் திவாலானால் அந்த மாற்றம் செல்லாது. அதற்கு மேல் ஐந்து வருடம் வரை, கொடுத்தபோது கடனைக் கட்டும் நிலையில் இருந்தீர்கள் என்று காட்ட வேண்டும். இதற்கு வழி சொல்ல நான் வரவில்லை.

கூலிம்: ஏழு லட்சம் வீட்டுக்கு...

ஐயா, பத்து லட்சம் வரை ஒன்றுமில்லை. ஐந்தானாலும் ஏழானாலும் அதே பதில். இனி இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

குளுகோர்: உயிலில் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தையும் எழுதலாமா?

எழுதிப் பயனில்லை. இ.பி.எஃப்.இல் யார் பெயரைப் பதிந்தீர்களோ அவருக்குத்தான் போகும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் பதிந்துவிட்டு மறந்தவர்கள் நிறைய பேர். போய்ப் பாருங்கள்.

ஜெலுத்தோங்: அக்கா, உயிலே எழுதுகிறேன். பாதி மகனுக்கு, பாதி மகளுக்கு. சாட்சிக்கு மருமகனும் பக்கத்து வீட்டுக்காரரும். மகனே ஒரு லோயரைப் பார்த்து வைத்திருக்கிறான்.

மருமகன் சாட்சி போட்டால் உயில் நிற்கும், மகளுக்கு எழுதிய பாதி செல்லாமல் போகும். பங்கு வாங்குபவரோ அவரது கணவன் மனைவியோ சாட்சியாக இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சரி, மருமகனுக்குப் பதில் இன்னொரு ஆளுக்கு எதிர் வீட்டைத் தட்டுங்கள். அப்புறம் அந்த லோயர் விஷயம். முதல் பத்தியைத் திரும்பப் படியுங்கள்.