பி.இ. முடித்தவர் ரயில்வே குரூப் டி வேலைக்குப் போகலாமா?

பி.இ. முடித்துவிட்டு ரயில்வேயின் கடைநிலை வேலையான குரூப் டி-யில் சேர்ந்தால் கடைசி வரை தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன்தானா என்று ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் யாரோ நாலு வார்த்தை சொல்லியிருப்பார்கள். "இன்ஜினியருக்குப் படிச்சுப்போட்டு ஜல்லி தள்ளப் போறயாக்கும்?" என்று என்னையும் ஒரு மாமா விசேஷப் பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டார். தாராளமாகப் போங்க தம்பி. டிராக் மெயின்டெய்னராக, அதாவது கேங்மேனாகச் சேர்ந்த நான் இன்று அதே தண்டவாளப் பிரிவில் ஜூனியர் இன்ஜினியர் (ஜே.இ.).

முதலில் உடல்தகுதித் தேர்வைப் பற்றிச் சொல்கிறேன். ஆண்கள் 35 கிலோவைக் கீழே வைக்காமல் 2 நிமிடத்தில் 100 மீட்டர் சுமக்க வேண்டும், அப்புறம் 1000 மீட்டரை 4 நிமிடம் 15 விநாடிக்குள் ஓட வேண்டும். தோட்டத்தில் மூட்டை தூக்கிப் பழகிய நம் பசங்க ஓட்டத்தில்தான் கோட்டை விடுகிறார்கள், இப்போதே ஓட ஆரம்பியுங்கள்.

வேலை லேசு என்று பொய் சொல்ல மாட்டேன். ஊத்துக்குளிப் பக்கம், தண்டவாளத்தை நடந்தே சோதிக்கும் ஒரு கீமேன் அண்ணனோடு நடந்துதான் தொழில் கற்றேன். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்று கிடந்தால், அது எனக்குத் தெரிவதற்குள் அவர் குனிந்து எடுத்திருப்பார், சுத்தியலால் அடித்து ஏற்றிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். வெயிலில் தண்டவாளம் நீளப் பார்க்கும், ஓரத்தில் ஜல்லி குறைந்திருந்தால் பக்கவாட்டில் நெளிந்துவிடும் என்பதைச் சித்திரை வெயிலில் மண்வெட்டியோடு நின்று தெரிந்துகொண்டவன் நான், பதவி உயர்வுக்கான துறைத் தேர்வில் அதையே கேட்டபோது மனப்பாடம் தேவைப்படவில்லை.

குரூப் டி-க்கு லெவல் 1, அடிப்படைச் சம்பளம் 18,000, ஜே.இ.க்கு லெவல் 6, அதாவது 35,400. நடுவில் இருப்பது துறைத் தேர்வுதான். அறிவிப்பு வந்திருக்கிறதா என்று நாமேதான் அலுவலகத்தில் போய்ப் பார்க்க வேண்டும், தேடி வந்து யாரும் சொல்ல மாட்டார்கள். நேரடியாக ஜே.இ. தேர்வு எழுதலாமே என்பீர்கள், எழுதுங்கள், இரண்டையுமே எழுதுங்கள். தனியார் வேலையையும் நான் மட்டம் தட்டவில்லை, என் தம்பியே திருப்பூரில் பனியன் கம்பெனியில்தான் இருக்கிறான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். மூடிய கேட்டுக்கடியில் பைக்கைச் சாய்த்து நுழைகிறவர்களே, முன்னால் குழந்தையை வேறு உட்கார வைத்துக்கொண்டு ஏன் இந்த அவசரம்? பிரேக் போட்டாலும் ரயில் உடனே நிற்காது. தடுக்கிற கேட்கீப்பரைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறீர்கள், எங்கள் கேங்கிலிருந்து போனவர் அவர், உங்கள் பிள்ளைக்காகத்தான் கத்துகிறார்.