வரிகளே இல்லாத ஆர்கெஸ்ட்ரா இசையில் புராண உயிரினங்களை எப்படிக் காட்டுகிறார்கள்?

ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘நெருப்புப் பறவை’யை எடுத்துக்கொள்வோம். ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் வரும் மாயப் பறவை அது. 1910-இல் பாரிஸில் பாலே நடனமாக அரங்கேறியது. கச்சேரிகளில் பெரும்பாலும் 1919-இல் அவரே சுருக்கிய தொகுப்பைத்தான் வாசிக்கிறார்கள்.

இதில் முக்கியமான விஷயம், கதையில் வரும் மனித உலகம், மாய உலகம் இரண்டுக்கும் அவர் இரண்டு விதமான ஸ்வரப் போக்கைக் கொடுத்தது. இளவரசன் இவானுக்கும் இளவரசிகளுக்கும் நாட்டுப்புறப் பாட்டின் சாயலில் எளிய மெட்டு, கேட்டவுடன் முணுமுணுக்கலாம். பறவைக்கும் மந்திரவாதி கஷ்சேய்க்கும் அடுத்தடுத்த அரை ஸ்வரங்களில் நெளிந்து ஓடும் இசை. எங்கே போய் நிற்கும் என்று காதால் ஊகிக்க முடியாது. இந்த உத்தியை அவர் தன் குரு ரிம்ஸ்கி-கோர்சகோவிடம் கற்றார்.

அடுத்தது வாத்தியங்கள். தொடக்கத்தில் செல்லோவும் டபுள் பாஸும் அடிக்குரலில் ஊர்கின்றன. சற்று நேரத்தில், தந்தியை அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டபடியே சறுக்கி ஓர் ஒலி எழுப்புவார்கள். வில் வாத்தியத்தில் வருகிற ஒலி என்றே நம்ப முடியாது! இந்த இசையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். கஷ்சேயின் கூட்டம் ஆடும்போது முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒரே அடியாக வெடிக்கும். பிறகு பஸ்ஸூன், ஹார்ன் என்ற ஊதுவாத்தியங்கள் எதிரடியில் முரட்டுத்தனமாக வாசிக்கும்.

எல்லா உயிரினத்துக்கும் இந்த ஆரவாரம் தேவையில்லை. ஃபின்லாந்துப் புராணத்தில் இறந்தோர் உலகின் ஆற்றில் மிதக்கும் அன்னத்தை அந்நாட்டு இசையமைப்பாளர் சிபெலியுஸ், இங்கிலீஷ் ஹார்ன் என்ற ஒரேயொரு மரக்குழல் வாத்தியத்தை முன்னிறுத்தியே காட்டிவிட்டார்.

புதிதாகக் கேட்பவர்கள் 1919 தொகுப்பிலிருந்து தொடங்கலாம். முதலில் கதையைப் படித்துவிடுங்கள்.