வெளியூர்ப் பெண்களின் சங்கத்துக்கு ஓராண்டு நிகழ்ச்சிகளை அமைப்பது எப்படி?

கேள்வி: நாகர்கோவிலில் சென்ற ஆண்டு ஒரு மகளிர் சங்கம் தொடங்கினோம். கணவரின் பணி காரணமாக மகாராஷ்டிரம், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், இவ்வூர்க்காரர்களை மணந்து இங்கேயே குடியேறிய வெளிநாட்டுப் பெண்கள் மூவர், வளைகுடா நாடுகளில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுத் திரும்பிய நம் மாவட்டப் பெண்கள் என ஏறத்தாழ நாற்பது பேர் இருக்கிறோம். மாதம் ஒருமுறை ஹோட்டலில் மதிய விருந்துக்குக் கூடுவது வழக்கம். இப்போது பாதிப் பேர்கூட வருவதில்லை. வருபவர்களும் மொழிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எத்தகைய நிகழ்ச்சிகளை நடத்தலாம்? சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டுமா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் சங்கத்தின் குறை உறுப்பினர்களிடம் இல்லை, விருந்தில்தான் இருக்கிறது. நாற்பது பேர் நீண்ட மேசையில் வரிசையாக அமர்ந்து பரிமாறப்பட்டதை உண்ணும்போது, பக்கத்தில் இருப்பவருடன் பேசுவதைத் தவிர வேறு வேலை எவருக்கும் இல்லாததால், மொழி தெரிந்தவர் மொழி தெரிந்தவரைத் தேடிப் போவது இயல்பே. கைக்கு வேலை கொடுக்கும் நிகழ்ச்சியில் இந்தச் சிக்கல் பெருமளவு குறைந்துவிடும். ஆகவே பெருங்கூட்டத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வைத்துக்கொண்டு, இடைப்பட்ட வாரங்களில் எட்டு முதல் பத்துப் பேர் கொண்ட சிறு வட்டங்களாகக் கூடுங்கள். சமையல், கைவினை, ஊர் பார்த்தல் என்று மூன்று வட்டங்கள் தொடக்கத்துக்குப் போதும். ஒருவர் எத்தனை வட்டத்தில் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு நிகழ்ச்சியின் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பதை விதியாகவே வையுங்கள்.

இதில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் பேசுகிறார்கள், ஊர்ப்பெயர்கள் தெரியும் என்பதற்காக அவர்களையே எப்போதும் விருந்தளிப்பவர்களாகவும் வழிகாட்டிகளாகவும் நிறுத்திவிடுவது பல சங்கங்களில் நடக்கிறது. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியவருக்குத் தெருவில் பாதி முகங்கள் புதியவை. பழைய தோழிகள் வேறு ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு வகையில் அவரும் புதிதாக வந்தவரே. அவரையும் கற்றுக்கொள்பவர்களின் பக்கத்தில் சேர்த்துக்கொண்டால்தான் சங்கம் அவருக்கும் பயன்படும்.

சமையல் வட்டத்தை முதலில் தொடங்குங்கள், ஏனெனில் அதற்கு மொழி மிகக் குறைவாகவே தேவைப்படும். முதல் கூட்டத்துக்கு முந்திரிக்கொத்தைப் பரிந்துரைக்கிறேன். சிறுபயற்றை வறுத்துப் பொடித்து, தேங்காயும் சேர்த்து, வெல்லப்பாகில் பிசைந்து, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்து, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்தெடுக்கும் அந்தப் பலகாரத்துக்கு ஒரே நேரத்தில் பல கைகள் வேண்டும். பாகு ஆறிவிடும் என்ற அவசரத்தில் யாரும் தனித்து ஒதுங்கி நிற்க முடியாது. அடுத்த கூட்டத்தில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன்குழம்பும், அதற்கடுத்ததில் மகாராஷ்டிரத்து உறுப்பினரின் பூரண்போளி அல்லது ஒடிசாக்காரரின் அரிசிமாவுப் பலகாரமான பிட்டா என்று மாறி மாறி அமையட்டும். சமைப்பதற்கு முந்தைய நாள் இரண்டு பேராக, உள்ளூர்க்காரர் ஒருவரும் வெளியூர்க்காரர் ஒருவருமாக, வடசேரி கனகமூலம் சந்தைக்குச் சென்று பொருள் வாங்கி வரச் சொல்லுங்கள். வகுப்பறையில் நடத்தும் பேச்சுத்தமிழ்ப் பாடத்தைவிட அந்தச் சந்தைப் பயணம் அதிகம் கற்றுக்கொடுக்கும். தவக்காலத்தில் இறைச்சி தவிர்ப்பவர், ஹலால் உணவு மட்டும் உண்பவர், சைவர் எனப் பலரும் இருப்பார்கள் என்பதால், ஒவ்வொரு கூட்டத்திலும் தனிப் பாத்திரத்தில் சமைத்த காய்கறி உணவு ஒன்றேனும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கைவினைக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. தோவாளையில் அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்துக் கட்டும் மாணிக்க மாலை, மணிகள் பதித்தது போன்ற தோற்றத்தால் அந்தப் பெயர் பெற்றது. 2025இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதைக் கட்டுபவர் ஒருவரை வரவழைத்து, ஒரு சாண் நீளமாவது ஒவ்வொருவரும் கட்டிப் பார்க்கலாம். தோவாளைப் பூச்சந்தையைப் பார்க்க விரும்பினால் விடியற்காலையிலேயே போய்ச் சேர வேண்டும். ஓணத்தை ஒட்டிய நாட்களில் கேரள வியாபாரிகளின் கூட்டம் மிகுதி என்பதால் வேடிக்கை பார்க்க அது நல்ல நேரம், நின்று கேள்வி கேட்க நல்ல நேரம் அல்ல. மார்த்தாண்டம் பகுதியின் தேன் வளர்ப்பைக் காண்பதற்கு, ரப்பர் மரங்கள் புதுத்தளிர் விட்டுத் தேன் சுரக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்றவை.

உங்கள் சங்கத்துக்கு மிகவும் நெருக்கமானதென்று நான் கருதுவது பின்னல் லேஸ். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கெனப் பள்ளி நடத்தி, 1820களில் அவர்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டு ஒன்றின் மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு மரக்குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னும் அந்த வேலை, எத்தனையோ ஏழைப் பெண்களுக்குச் சொந்தக் கைக்காசைத் தந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண் இவ்வூர்ப் பெண்களுடன் சேர்ந்து கைவேலை செய்த வரலாறு இங்கேயே இருக்கும்போது, சங்கங்கள் எங்கிருந்தோ ரெசின் கலை வகுப்புகளைத் தேடிப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. எம்பிராய்டரியும் குரோஷாவும் அறிந்த மூத்த பெண்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அவர்களுக்கு உரிய ஊதியம் கொடுத்து அழையுங்கள்.

கலை நிகழ்ச்சிகளுக்கும் இதே முறைதான். வில்லுப்பாட்டுக் குழுவினரை அழைத்து ஒன்றரை மணி நேரம் பாடச் சொல்லலாம். அதில் அரை மணி நேரத்தை வில், குடம், உடுக்கை ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்கவும் கேட்டு அறியவும் ஒதுக்குங்கள். தோல்பாவைக்கூத்து நடத்தும் இம்மாவட்டக் கலைஞர் குடும்பங்களின் வீட்டுமொழி மராத்தி என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் மகாராஷ்டிரத்து உறுப்பினர் திரைக்குப் பின்னால் சென்று அவர்களுடன் உரையாடினால், அன்றைக்கு மொழிபெயர்ப்பவர் அவராகவும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தமிழர்களாகவும் இருப்பார்கள். கலைஞர்களிடம் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டு, பேரம் பேசாமல், போக்குவரத்துச் செலவும் உணவும் சேர்த்துக் கொடுங்கள். ‘இது ஒரு வாய்ப்பு’ என்று சொல்லி இலவசமாக அழைப்பது சரியான செயல் அல்ல.

ஊர் பார்க்கும் வட்டத்துக்கு வானிலை முக்கியம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் மாவட்டம் இது என்பதால், வெளியிடப் பயணங்களை ஜனவரி முதல் மார்ச் வரை வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் குழுக்கள் உண்டு. அரண்மனையோடு புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைமை ஏற்ற டச்சுப் படைத்தலைவர் டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. இலத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்ட அதன் கல்வெட்டைப் பார்க்க உங்கள் வெளிநாட்டு உறுப்பினர்கள் ஆர்வம் காட்டக்கூடும். சித்திரா பௌர்ணமியன்று மாலை, கன்னியாகுமரிக் கடற்கரையில் கதிரவன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒருசேரக் காண்பதற்குச் செலவே இல்லை. மேகம் இல்லாதிருந்தால் சரி.

திருவிழாக்களுக்கு முப்பது நாற்பது பேராகக் கூட்டிச் செல்லாதீர்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு மாசிக் கொடை, சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், ரஜப் மாதத்தில் தக்கலையில் ஞானப்புகழ்ச்சி என்னும் இஸ்லாமிய பக்திப் பாடல்கள் பாடப்படும் இரவு ஆகியவை அனைத்தும் மக்களின் வழிபாட்டு நாட்கள். அவ்வழிபாட்டைச் சேர்ந்த ஓர் உறுப்பினரின் குடும்பம் அழைக்கும்போது, நான்கைந்து பேர் அவர்கள் வீட்டு விருந்தினராகச் செல்வதே முறை. கோயில்கள் பலவற்றில் இந்துக்கள் அல்லாதோர் கொடிமரத்தைத் தாண்டிச் செல்லக் கூடாது என்ற அறிவிப்பு இருப்பதால், விருந்தினரை அங்கே நிறுத்தித் திருப்பி அனுப்பும் சங்கடம் நேராமல் கோயில் அலுவலகத்தில் முன்னரே கேட்டுவிடுங்கள். நவராத்திரிக்கு முன்னர் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் ஊர்வலத்தைச் சாலையோரத்தில் நின்றே அனைவரும் காணலாம்.

இனி, பதிவு. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பண்பாடு, பொழுதுபோக்கு நோக்கங்களுக்கான சங்கங்களுக்கும் பொருந்தும். ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம், இருபது உறுப்பினர்களோ அதற்கு மேலோ இருந்தால் பதிவு செய்தாக வேண்டும். நீங்கள் நாற்பது பேர் என்பதால் தள்ளிப்போடாமல் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தை அணுகுங்கள். நன்கொடை விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வசிப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரோ, இந்திய வம்சாவளியினர் போன்ற வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா வழங்கும் ஓசிஐ அட்டையை வைத்திருப்பவரோ தரும் நன்கொடை, ரூபாயிலேயே தரப்பட்டாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். எனவே அந்த உறுப்பினர்களிடமிருந்து எந்தத் தொகையையும் பெறுவதற்கு முன் ஒரு பட்டயக் கணக்காளரின் எழுத்துமூலக் கருத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை அவர்கள் தம் வீட்டில் ஒரு கூட்டத்தை நடத்திச் சமைத்துப் பரிமாறட்டும்.