பத்துக் கிலோ ராகிக்குப் பத்துக் கிலோ மாவு வராது

அம்மா, உங்கள் பையன் ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பாலக்கோட்டிலேயே முளைகட்டிய ராகி மாவு வியாபாரம் செய்யப் போகிறேன் என்று நிற்கிறார். "நீங்களாவது சொல்லித் தடுங்க" என்று கேட்டீர்கள். வியாபாரத்தைத் தடுக்க மாட்டேன். வேலையை இப்போதே விட மட்டும் சம்மதிக்க மாட்டேன்.

சம்பளம் 19,000. 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு, உங்கள் வீட்டுக்காரரின் சர்க்கரை மருந்து அதில்தான் வருகிறது. வேலை போனால் கொஞ்ச காலத்தில் அதுவும் நின்றுவிடும். சேர்ந்து நாலு வருஷம் நாலு மாதம் ஆகிறது என்கிறார். ஐந்து முடித்துவிட்டு வெளியே வந்தால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கைக்கு வரும். எட்டு மாதம் பொறுக்க முடியாதா?

சும்மா இருக்கச் சொல்லவில்லை. காலை ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம் கை காலிதானே, மருமகளோடு சேர்ந்து வாரம் பத்துக் கிலோ மட்டும் போடட்டும். ஊறவைத்து, துணியில் கட்டி முளை வந்த பிறகு, உலர்த்துவதில்தான் இந்த வியாபாரமே இருக்கிறது. ஐப்பசி மழையில் அரைகுறையாகக் காய்ந்ததை அரைத்தால் பாக்கெட்டுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஒரு தடவை அந்த வாடையை மோந்து பார்த்தவர் திரும்ப வாங்க மாட்டார்.

உங்கள் பையன் காட்டிய கணக்கு நோட்டில் பத்துக் கிலோ ராகிக்குப் பத்துக் கிலோ மாவு என்று எழுதியிருந்தது! கல், தூசி, வறுப்பதில் குறைவது, மில்லில் ஒட்டுவது எல்லாம் கழியாதா? மருமகளின் கூலியும் அதில் இல்லை. வீட்டு மனுஷி என்றால் இலவசமா?

உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். சிறு வியாபாரிக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் காசே கிடையாது, யாராவது ஆயிரம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வேலையைச் செய்யப்போவது மருமகள் என்பதால் பதிவும் அவர் பெயரில் இருக்கட்டும். வேலையில் சேரும்போது கம்பெனி கொடுத்த ஆர்டரில் வேறு தொழில் செய்யக்கூடாது என்று இருக்கிறதா என்பதையும் முதலில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிறு தொழிலுக்குக் கடன் தரும் அரசின் முத்ரா திட்டத்தில் 50,000 வரை சிசு கடன் உண்டு. ஆனால் அதற்கு இப்போது அவசரமில்லை. வாங்கியவர்களில் எத்தனை பேர் மறுபடி வாங்குகிறார்கள் என்று ஆறு மாதம் எழுதி வரட்டும். மாவுக் காசு தனிக் கணக்கில் இருக்கட்டும். சம்பளத்தில் கை வைக்க வேண்டாம்.

அடுத்த தடவை வரும்போது மருமகளையும் கூட்டி வாருங்கள். அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.