நியூஃபவுண்ட்லாந்து போறீங்களா? கேப்லின் மீன் வர்ற வாரமா பாத்துக் கிளம்புங்க

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கனடாவோட கிழக்கு மூலையில இருக்கற நியூஃபவுண்ட்லாந்து மீனவக் கிராமங்களையும் கடற்பறவைகளையும் பத்தி நாலு வரிதான் எழுதியிருந்தேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேத்து பதில் சொல்லியிருக்கேன்.

கே: ஜூலைல எட்டு நாள் லீவ் கிடைக்கும். நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க. முழுத் தீவையும் ஒரு சுத்து சுத்திடலாமா? கார ஃபெர்ரில ஏத்திட்டுப் போறதா, ஃப்ளைட்டா? (டொரண்டோ வாசகி)

ப: முழுத் தீவு ஆசைய முதல்ல விட்டுடுங்க. மேப்ல பாக்க சின்னதா இருக்கும், ஆனா ஃபெர்ரி வந்து நிக்கற போர்ட் ஓ பாஸ்க்ல இருந்து தலைநகர் செயின்ட் ஜான்ஸுக்கே கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர். அந்த ஃபெர்ரிய பிடிக்க நோவா ஸ்கோஷியாவுல நார்த் சிட்னி வரைக்கும் நீங்க ஓட்டிட்டுப் போறது ஒரு ரெண்டாயிரம் கிலோமீட்டர், அப்புறம் கப்பல்ல ஏழு மணி நேரம், எட்டு நாள்ல பாதி ரோட்லயே போயிடும். பேசாம ஃப்ளைட்ல மூணு மணி நேரத்துல செயின்ட் ஜான்ஸ் போய் இறங்கி வாடகைக் கார் எடுங்க. ஆனா கார இப்பவே புக் பண்ணிடுங்க, சீசன்ல அங்க காருக்கு அடிதடி. அப்புறம் வாட்சை மாத்திக்கணும், டொரண்டோவ விட ஒன்றரை மணி நேரம் முன்னாடி, நம்ம இந்தியா மாதிரியே அரை மணிக் கணக்கு வர்ற ஊரு அது.

எட்டு நாளுக்கு அவலான் தீபகற்பமும் போனவிஸ்டா தீபகற்பமும் போதும், தாராளமா போதும். செயின்ட் ஜான்ஸ்ல இருந்து தெக்க கடலோரமா போற ஐரிஷ் லூப்ங்கற ரோடு, முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும், ஒரே நாள்ல முடிச்சிடலாம்னு சொல்றவங்க பேச்சக் கேக்காதீங்க, பே புல்ஸ், விட்லெஸ் பே, ஃபெரிலேண்ட், செயின்ட் வின்சென்ட்ஸ்னு ஒவ்வொரு துறையா நின்னு நின்னு போகணும். அதுக்கப்புறம் கேப் செயின்ட் மேரிஸ், அப்புறம் வடக்க போனவிஸ்டா. ஒரு ஊர்ல குறைஞ்சது ரெண்டு ராத்திரி தங்குங்க, ஏன்னா முதல் நாள் மூடுபனி எல்லாத்தையும் மறைச்சிடும், ரெண்டாவது நாள் காலைல பாத்தா நம்ம ஜன்னலுக்கு எதிர்லயே கடல் இருந்திருக்கும்.

இப்போ நிஜமான விஷயம். எந்த ஊருங்கறத விட எந்த வாரங்கறது முக்கியம். கேப்லின்னு ஒரு மீன், ஒரு சாண் கூட இருக்காது. ஜூன் நடுவுல இருந்து ஜூலை நடு வரைக்கும், ஒவ்வொரு கரைக்கு ஒவ்வொரு நேரத்துல, கூழாங்கல் கரையில முட்டை போட அலையோட அலையா ஏறி வரும். அலை வந்து உடையறப்ப தண்ணிக்குப் பதிலா வெள்ளியா மீனே உருளுது, அலை பின்வாங்கினதும் கல்லு மேல துள்ளிக்கிட்டு கிடக்குது, குனிஞ்சு ஒரு கல்லை எடுத்துப் பாத்தா மணல் பருக்கை மாதிரி முட்டை ஒட்டிக்கிட்டிருக்கு. ஊர்க்காரங்க வாளியும் கைவலையுமா வந்து அள்ளிட்டுப் போவாங்க. செயின்ட் ஜான்ஸ் பக்கத்துல மிடில் கோவ் கரை இதுக்குப் பேர் போனது. கேப்லின் பின்னாடியே காட் மீன் வரும், ஹம்ப்பேக் திமிங்கலம் வரும், பஃபின், மர்ங்கற கடற்பறவைங்களும் அதே நேரத்துலதான் குஞ்சுக்கு ஊட்டிட்டு இருக்கும். அதனால போய் இறங்கினதும் பெட்ரோல் பங்க்லயோ காபிக் கடையிலயோ கேக்க வேண்டிய முதல் கேள்வி, கேப்லின் வந்துடுச்சா, எந்தக் கரைலன்னுதான். பதில் சொல்றவர் எந்த வெப்சைட்டயும் விட கரெக்டா சொல்வார்.

கே: பஃபின் பாத்தே ஆகணும்னு பொண்ணு அடம். ஆனா மாமியாருக்குப் படகு ஒத்துக்காது. கரையில இருந்து பாக்க முடியுமா?

ப: முடியும், இன்னும் சொல்லப்போனா அதுதான் எனக்குப் பிடிச்ச வழி. போனவிஸ்டா பக்கத்துல எலிஸ்டன்னு ஒரு கிராமம், ரோட்டோரமா கார நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் நடந்தா முனைக்குப் போயிடலாம், நடுவுல குறுகலா ஒரு பிளவு, அந்தப் பக்கம் தனியா நிக்கற பாறை முழுக்க பஃபின். பாதை கொஞ்சம் மேடு பள்ளம், மாமியார் கைய பிடிச்சுக்கோங்க.

அங்க எல்லாரும் பண்றது என்னன்னா, வந்து பத்து ஃபோட்டோ எடுத்துட்டு கிளம்பிடறாங்க. நீங்க ஒரு அரை மணி நேரம் புல்லுல அசையாம உக்காருங்க. முதல்ல சின்னதா இருக்கேன்னு ஏமாத்தமா இருக்கும், ஏன்னா படத்துல பாத்து பெங்குவின் சைஸ்ல எதிர்பாத்திருப்போம், நிஜத்துல அரைக் கிலோதான் எடை, ஒரு புறாவ விட கொஞ்சம் பெருசு. ஆனா அது இறங்கறதப் பாக்கணுமே! குட்டி றெக்கைய விசிறியா அடிச்சுக்கிட்டு நேரா வரும், கடைசி நொடியில ஆரஞ்சு காலு ரெண்டையும் அகலமா விரிச்சு பிரேக் போட்டு, தப்புன்னு விழுந்து ரெண்டு குட்டிக்கரணம் கூட அடிக்கும். வாய்ல மீனு வரிசையா குறுக்க தொங்கும். நாக்குலயும் மேல் அண்ணத்துலயும் முள்ளு முள்ளா இருக்கறதால பழைய மீன நழுவ விடாம அடுத்தத பிடிக்குது. அப்படியே பொந்துக்குள்ள ஓடிடும், உள்ள ஒரே ஒரு குஞ்சு. அந்தக் கலர் மூக்கு கூட சீசனுக்கு மட்டும்தான், குளிர்காலத்துல மேல் ஓடு கழண்டு மங்கிடும்.

படகுல போக முடிஞ்சவங்க பே புல்ஸ்ல ஏறலாம். விட்லெஸ் பே சரணாலயத்துல நாலு தீவு, 260,000 ஜோடிக்கு மேல பஃபின், வட அமெரிக்காவுலயே பெரிய குடியிருப்பு. தீவுல இறங்க விடமாட்டாங்க, சுத்தி வர்றதோட சரி. வாந்தி மாத்திரைய படகு கிளம்பறதுக்கு முன்னாடியே போடணும், தலை சுத்த ஆரம்பிச்சப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல. ஆகஸ்ட் கடைசிக்கு மேல போனா தீவு காலியாக ஆரம்பிச்சிருக்கும், அப்புறம் என்னத் திட்டாதீங்க.

கே: அங்க நிறைய கிராமம் பாதி காலியா கிடக்குனு கேள்விப்பட்டேன். ஏன்? நாம போய் படகுத்துறையில எட்டிப் பாத்தா தப்பா எடுத்துப்பாங்களா?

ப: ரெண்டு காலியாதல் நடந்திருக்கு, ஜனங்க சேத்துக் குழப்பிக்கறாங்க. முதல்ல 1954ல இருந்து 1975 வரைக்கும் அரசாங்கமே ரோடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி இல்லாத தொலைதூரத் துறைகள காலி பண்ண வெச்சது, சுமார் 300 ஊரு, 30,000 பேர். சிலர் வீட்டையே அப்படியே பெயர்த்து கடல்ல மிதக்க விட்டு படகு கட்டி இழுத்துட்டுப் போனாங்க.

ரெண்டாவது 1992. காட் மீன் ஐநூறு வருஷமா அந்தத் தீவோட உசுரு, ஆனா பெரிய இழுவைக் கப்பல்கள் வந்து வழிச்சு எடுத்ததுல மீனே இல்லாம போச்சு. கரையில சின்னப் படகு வெச்சிருந்தவங்க எங்க பொறியிலயும் வலையிலயும் மீன் சின்னதாயிட்டே வருதுன்னு முன்னாடியே கத்தினாங்க, கணக்கெடுத்தவங்க காதுல விழல. ஜூலை 2ம் தேதி மீன்வளத்துறை மந்திரி ஜான் கிராஸ்பி செயின்ட் ஜான்ஸ்ல தடைய அறிவிச்சார். அதுக்கு முதல் நாள்தான் இதே பே புல்ஸ்ல மீனவர்கள் அவர சூழ்ந்துக்கிட்டு சத்தம் போட்டாங்க. 30,000 பேருக்கு வேலை போச்சு. ரெண்டு வருஷத்துல சரியாயிடும்னு ஆரம்பிச்ச தடை, வடக்கு காட் மீனுக்கு 2024லதான் முடிஞ்சுது, அதுலயும் இவ்ளோ சீக்கிரம் திறக்கணுமான்னு சண்டை இன்னும் ஓயல.

பறவை பாக்கப் போறவங்களுக்கு இதுல ஒரு ஆச்சரியம் இருக்கு. தடை வந்ததும் செவுள்வலை எல்லாம் தண்ணிய விட்டு வெளிய வந்துடுச்சு, அதுவரைக்கும் முங்கி மீன் பிடிக்கற மர், பஃபின் எல்லாம் அதுல மாட்டி செத்துட்டு இருந்துது, வலை போனதும் அதுங்களுக்கு நல்ல காலம். அதே நேரம் படகுல இருந்து வீசற குடலையும் கழிவையும் நம்பி இருந்த பெரிய கடல்காகங்க குறைஞ்சுடுச்சு. மனுஷன் வலைய எடுத்தா எல்லாப் பறவைக்கும் நல்லதுன்னு நாமளா நினைச்சுக்கறோம், கணக்கு அவ்ளோ சுலபமா இல்ல.

எட்டிப் பாக்கறதப் பத்தி: தண்ணி ஓரமா மரக்கால் மேல நிக்கற சிவப்புக் கொட்டகைய ஸ்டேஜ்னு சொல்வாங்க, அது ஒருத்தரோட வேலை இடம், கதவு திறந்திருந்தாலும் உள்ள நுழையாதீங்க. வெளிய நின்னு வணக்கம் சொல்லி இன்னைக்கு மீன் எப்படின்னு கேளுங்க, நூத்துக்குத் தொண்ணூறு பேர் அவங்களே உள்ள கூப்பிட்டு மீன் கீறறதக் காட்டுவாங்க. கிளம்பறதுக்கு நேரமாகும், அத திட்டத்துலயே சேத்துக்கோங்க.

கே: நாமளும் காட் மீன் பிடிக்கலாமா? லைசென்ஸ் வேணுமா?

ப: ஃபுட் ஃபிஷரின்னு கோடையில திறப்பாங்க, வெளியூர்க்காரங்களும் பிடிக்கலாம், லைசென்ஸ் வேண்டாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5, தூண்டில், கைநூல் மட்டும்தான். தேதி வருஷா வருஷம் மாறும், மீன்வளத்துறை அறிவிப்பப் பாத்துட்டு படகு வெச்சிருக்கற ஒருத்தர பிடிங்க.

கே: கேப் செயின்ட் மேரிஸ் மலை விளிம்புல வேலியே இல்லையாமே, சின்னப் பசங்கள கூட்டிட்டுப் போலாமா? மூடுபனி இருந்தா வீணா?

ப: வேலி கிடையாது, உண்மை. ஓடற வயசுக் குழந்தைன்னா கைய விடவே கூடாது, அவ்ளோதான், அதுக்காகப் போகாம இருக்காதீங்க. தகவல் மையத்துல இருந்து 1.4 கிலோமீட்டர் புல்வெளி நடை, ஆடு மேய்ஞ்சுட்டு இருக்கும், முதல்ல நாத்தம் வரும், அப்புறம் சத்தம், அப்புறம்தான் பறவை. பேர்ட் ராக்னு தனியா நிக்கற 100 மீட்டர் பாறை, விளிம்புல இருந்து பத்து இருபது மீட்டர்தான் இடைவெளி, அதுல கேனட்ங்கற பெரிய வெள்ளைக் கடற்பறவை இடமே இல்லாம அடைஞ்சு உக்காந்திருக்கும். றெக்கைய விரிச்சா ஆறடி. வெளிய போன ஜோடி திரும்பி வந்ததும் ரெண்டும் நிமிந்து நின்னு அலகால அலக உரசிக்கும், வாள் சண்டை போடறாப்ல. முப்பது மீட்டர் உயரத்துல இருந்து தலைகீழா கடல்ல பாயற பறவை அது, அந்த அடியத் தாங்கத்தான் முகத்துலயும் நெஞ்சுலயும் தோலுக்கடியில காத்துப் பை இருக்கு, மூக்குல வெளித் துவாரமே கிடையாது.

மூடுபனி அங்க வருஷத்துல பாதி நாளைக்கு மேல. பாறை அவ்ளோ கிட்ட இருக்கறதால பனியிலயும் பறவை தெரியும், ஆனா விளிம்பு எங்க முடியுதுன்னு தெரியாது. பனி கெட்டியா இருந்தா மையத்துல கேட்டுட்டு நடங்க. ட்ரோன் எடுத்துட்டுப் போகாதீங்க, அனுமதி இல்லாம பறக்க விடக்கூடாது.

கே: நாங்க சுத்த சைவம். பட்டினியா?

ப: ஹோட்டல நம்பினா பட்டினிதான். சமையலறை இருக்கற வீடா எடுத்து செயின்ட் ஜான்ஸ்லயே அரிசி, பருப்பு, காய்கறி வாங்கி டிக்கில போட்டுக்கோங்க. டௌட்டன்னு ரொட்டி மாவப் பொரிச்சு வெல்லப்பாகு ஊத்தித் தருவாங்க, பாக்க சைவம், ஆனா பழைய முறைப்படி பன்றிக் கொழுப்புலதான் பொரிப்பாங்க, கேட்டுட்டு சாப்பிடுங்க. பேக்ஆப்பிள்ங்கற காட்டு பெர்ரில பண்ற ஜாம் பயமில்லாம வாங்கலாம்.

கே: போன ஆகஸ்ட்ல விட்லெஸ் பேல தங்கினப்ப ராத்திரி ரோட்ல ஒரு கறுப்புக் குஞ்சு உக்காந்திருந்துது. பஃபின் குஞ்சுன்னு சொன்னாங்க. அது ஏன் அங்க வருது, என்ன பண்ணணும்?

ப: பஃபின் குஞ்சேதான். பொந்த விட்டு ராத்திரியிலதான் கிளம்பும், கடல் பக்கம் போகாம ஊர் வெளிச்சத்தப் பாத்து ஏமாந்து ரோட்ல இறங்கிடும், அங்க இருந்து எழும்பிப் பறக்கத் தெரியாது. இதுக்குன்னே தன்னார்வலர்கள் ராத்திரி ரோந்து போய் வலையில பிடிச்சு பெட்டியில வெச்சு மறுநாள் கடல்ல விடறாங்க, முன்னாடியே பதிவு பண்ணினா நீங்களும் சேந்துக்கலாம். நீங்களா தூக்கிட்டுப் போய் ரூம்ல வெச்சுக்காதீங்க, அவங்களுக்கு ஃபோன் பண்ணுங்க. தங்கற வீட்டு வெளி லைட்ட அணைச்சாலே பாதி உதவி.

கே: ராத்திரி ஓட்டறது சேஃபா? மூஸ் வந்து மோதும்னு பயமுறுத்தறாங்க.

ப: பயமுறுத்தல, நிஜம். மூஸ்ங்கறது ராட்சத சைஸ் மான். தீவோட சொந்த மிருகமே இல்ல அது, 1904ல நாலு மூஸ கொண்டு வந்து விட்டாங்க, இப்போ ஒரு லட்சத்துக்கு மேல. உயரமா கறுப்பா இருக்கும், கார் லைட்டுக்கு மேல உடம்பு நிக்கறதால கண்ணு கூட மினுங்காது, மோதினா அப்படியே கண்ணாடி மேல வந்து விழும். பொழுது சாயறதுக்குள்ள தங்கற இடத்துக்குப் போயிடுங்க. போனவிஸ்டா போற அன்னிக்கு செயின்ட் ஜான்ஸ்ல இருந்து மூணரை மணி நேர ஓட்டம், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே கிளம்பிடணும்.